குற்றாலத்தைக் காட்டியவர்

பங்களா அண்ணாச்சி சிரித்த முகத்துக்காரர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இனி நான் சொல்லப்போவதையெல்லாம் கேட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு சாட்டையோடு நிற்கிற ஓர் ஆளை நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். அவர் அப்படி இல்லை. வெள்ளைக் கோட்டு, நெற்றியில் சந்தனம், கக்கத்தில் குடை, யாரைக் கண்டாலும் முந்திக்கொண்டு ஒரு கும்பிடு. அவர் அதட்டிப் பேசி நான் கேட்டதே இல்லை.

குற்றாலத்தில் ஒரு ஜமீனுக்குச் சொந்தமான பங்களாவைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஆனால் பங்களாவுக்குள் அவர் இருந்து பார்த்தவர்கள் குறைவு. சீசனுக்கு வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதுதான் அவருக்கு உயிர். இளவயதில் மலைமேல் வெள்ளைக்காரத் துரை ஒருவருடைய தோட்டத்தில் இருந்தாராம். அங்கே பழகிய இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடாக வரும். ஜமீன்தார்கள், மதராஸ் வக்கீல்கள், செட்டிநாட்டுக்காரர்கள், துரைமார்கள் என்று யார் வந்து இறங்கினாலும் தென்காசி ரயில் ஸ்டேஷனில் மாலையோடு நிற்பவர் அவராகத்தான் இருப்பார்.

நான் கல்யாணமாகி அங்கே வந்தபோது எங்கள் வீட்டுக்காரருக்குப் பெரிய அருவிக்குப் போகிற பாதையில் ஒரு பழக்கடை. மங்குஸ்தான், பலாச்சுளை, மலைவாழை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நாங்கள் வேதக்காரர்கள். நான் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தவள். அங்கே வெள்ளைக்கார டீச்சரம்மா சாப்பாட்டு மேசையில்கூட இங்கிலீஷில் பேசினால்தான் சோறு போடுவாள். அந்த இங்கிலீஷ் பலாச்சுளை விற்க எதற்கு? எனக்கு அது தெரியும் என்பதே குற்றாலத்தில் யாருக்கும் தெரியாது.

ஆனிக் கடைசியில் மேற்கே மலை கறுக்கும். சாரல் விழும். அருவியில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டு ஊரே எழுந்து நிற்கும். ஆவணி முடிந்தால் வந்தவர்கள் போய்விடுவார்கள். அந்தக் கொஞ்ச நாளில் கிடைப்பதை வைத்துத்தான் மிச்ச மாதங்களுக்கு அடுப்பு எரிய வேண்டும். வண்டிக்காரர்கள், சமையல்காரர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், மலையிலிருந்து தேனும் கடுக்காயும் கொண்டுவருகிற பளியர்கள் எல்லாருக்கும் இதே கதிதான். வந்தவர்கள் எந்தக் கடையில் பழம் வாங்குவார்கள், யார் கையால் எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள் என்பது அண்ணாச்சியின் கண்ஜாடையில் இருந்தது. அவர் ஒரு கடையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்தக் கடைப் பழம் அழுகும்.

அவர் அடிக்கடி ஒன்று சொல்லுவார்: "கதை இல்லாத கல்லை எவன் பாப்பான்?"

தென்காசிக் கோபுரம் அப்போது மொட்டையாக, மேல்நிலைகள் இல்லாமல் பிளந்து நிற்கும். வைதீகமான ஆட்கள் வந்தால் அந்தக் கோபுரத்தில் இடி விழுந்தது என்பார். துரைமார் வந்தால் பீரங்கி என்பார். புதிதாகக் கல்யாணமான ஜோடி வந்தால் யாரோ ஒரு ராணி விட்ட சாபம். ஒரே வாரத்தில் மூன்றையும் அவர் வாயால் நான் கேட்டிருக்கிறேன். கேட்டால் சிரிப்பார். "அவுக ஆசையா வந்திருக்காக. வெறும் கையோட அனுப்பலாமா?" கல்லும் கோபுரமும் இதற்காக வருத்தப்படப் போவதில்லை என்று நானும் சிரித்திருக்கிறேன்.

ஆனால் அவருக்குக் கல்லோடு போதவில்லை.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர்களில் ஒருவருக்கு லேசாகத் திக்கும். உற்றுக் கேட்டால்தான் தெரியும். அண்ணாச்சி அதைக் கண்டுபிடித்துவிட்டார். வருகிற கூட்டத்தின் முன்னால் அவரை நிறுத்தி, "இங்கன என்னென்ன அருவி இருக்குன்னு ஐயாமாருக்குச் சொல்லுலே" என்பார். அந்த மனிதர் ஐந்தருவி என்கிற பெயரில் மாட்டிக்கொண்டு தவிப்பார். பெரிய மனிதர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பிறகு அவரிடமே எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். ஒருநாள் அவர் தடங்கலே இல்லாமல் மளமளவென்று சொல்லிவிட்டார். கூட்டம் சும்மா நகர்ந்தது. அண்ணாச்சி பின்தங்கி, அவர் தோளில் கைபோட்டு, அன்பாகத்தான் சொன்னார்.

"இப்படிச் சொன்னா எவன்லே நின்னு கேப்பான்? நல்லாத் திக்குலே. ஒன் பிள்ளைக சாப்பிட வேண்டாமா?"

அவரும் நன்றாகத் திக்கினார். ஒவ்வொரு சீசனுக்கும் அது கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் அவருடைய மனைவி எங்கள் கடைக்கு வந்து என்னிடம் அழுதாள். "வீட்டுலயும் அப்படித்தான் பேசுதாரு. பாதிச் சொல்லுல நின்னுட்டு என்னையே பாக்காரு. இப்பல்லாம் வாயே தொறக்கதில்ல." அந்த வருஷம்தான் அவருக்கு எல்லாரையும்விட அதிகமாக ஆள் வந்தது.

எனக்கு அவர் செய்த உபகாரத்தையும் சொல்ல வேண்டும். ஒரு சீசனில் விஷஜுரம் கண்டு நான் பிழைக்கமாட்டேன் என்று ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் கர்த்தரே என்று உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சிதான் சாரலில் நனைந்துகொண்டு ஓடி, பங்களாவில் தங்கியிருந்த மதராஸ் டாக்டரைக் கையோடு கூட்டிவந்தார். டாக்டர் தினமும் வந்தார். நான் பிழைத்தேன். அண்ணாச்சி இல்லையென்றால் நான் இல்லை. இதை இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.

ஜுரம் விட்டு, முடியெல்லாம் கொட்டி, சீலையால் தலையை மூடிக்கொண்டு நான் கயிற்றுக் கட்டிலில் கிடக்கும்போது வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. யாரோ ஒரு வக்கீல் குடும்பம்.

"அந்தா கெடக்கா பாருங்க. டாக்டர் ஐயா செத்த பொணத்துக்கு உசிர் குடுத்தாரே, அது இவதான்."

அண்ணாச்சிதான். உள்ளே வந்து, தன் கையாலேயே என் தலைச்சீலையை விலக்கினார். "காட்டுட்டி, வெக்கம் என்ன? அந்தம்மா பாக்கட்டும்." அந்த அம்மாள் என் மொட்டைத் தலையைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பெண் என்னைத் தொட்டுப் பார்த்தது. எழுந்து உட்கார எனக்குத் தெம்பு இல்லை. முடி முளைக்கிறவரைக்கும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

நான் எங்கள் வீட்டுக்காரரிடம் அழுதேன். அவர் பேசத் தெரியாதவர், நல்லவர். "உசிரைக் காப்பாத்துன மனுசன்கிட்ட நான் என்னன்னுட்டி போய்ச் சொல்லுவேன்?" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்கு அடுத்த சீசனில்தான் அந்தச் சின்ன ஜமீன்தார் வந்தார். தெற்கே ஏதோ ஒரு ஜமீனின் வாரிசு, இருபது வயதிருக்கலாம். அருவி, கோயில், சித்திரசபை எல்லாவற்றையும் பார்த்துக் கொட்டாவி விட்டுவிட்டார். அண்ணாச்சிக்கு அது பொறுக்கவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டால் தன் கன்னத்தில் அறைந்த மாதிரி அவருக்கு ஆகிவிடும். "ராஜா இன்னும் தேனருவியைப் பாக்கலையே" என்றார்.

தேனருவி செண்பகா அருவிக்கும் மேலே. செங்குத்துப் பாறையில் ஆள் உயரத்துக்குத் தேனடைகள் தொங்கும். பளியர்கள் பாறையின் உச்சியில் மரத்தில் கொடியைக் கட்டி, அதில் தொங்கி இறங்கி, புகை போட்டுத் தேன் எடுப்பார்கள். கோடையில்தான் எடுப்பார்கள். சாரல் விழுந்த பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

ஜமீன்தார் கூட்டத்துக்குப் பழக்கூடை சுமந்துகொண்டு எங்கள் வீட்டுக்காரரும் போயிருந்தார். அங்கே நடந்ததை அன்று சாயங்காலம் அவர் வாயால் கேட்டேன். அதற்கு முன்னும் பின்னும் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மலையில் தேன் எடுக்கிற ஒருவனை அண்ணாச்சி முன்கூட்டியே வரச்சொல்லியிருந்தார். அவன் மனைவியும் கூட வந்திருந்தாள். பொன்னாயி. நிறைமாதம். விஷயம் தெரிந்ததும் அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"சாமி, இப்ப அடையில தேன் இருக்காது. மழைக்கு ஈயே குடிச்சிருக்கும்."

"தேன் யாருக்குலே வேணும்? நீ தொங்குததைத்தான் ராஜா பாக்கணும்."

"பாறை வழுக்கும் சாமி. மேல கொடிக்குக் காவல் இருக்க மச்சினன் இல்ல. கூடப் பொறந்தவளுக்காக அவன்தான் கொடியை விடமாட்டான். மச்சினன் இல்லாம எங்கள்ல ஒருத்தனும் எறங்கமாட்டான்."

"மச்சினன் இல்லாட்டி என்ன? நம்ம வண்டிக்காரன் பிடிச்சுக்கிடுவான்."

பொன்னாயி வந்து அண்ணாச்சியின் காலில் விழுந்தாள். அவர் காலை நகர்த்திக்கொள்ளவில்லை. ஜமீன்தார் பக்கம் திரும்பி, "பொஞ்சாதி, ராஜா. நெறமாசம்" என்று அவளையும் காட்டினார்.

அவன் அப்போதும் அசையவில்லை. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே பக்கத்தில் போனாராம். மலைக்காரர்கள் கொண்டுவருகிற தேனையும் கடுக்காயையும் வாங்கிக்கொண்டு உப்பும் துணியும் கொடுப்பது அவர் ஆட்கள்தான். "அடுத்த வாரம் உப்புக்கு யார்கிட்டலே வருவ? நான் ரேஞ்சர் ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா ஒன் குடிசை எங்கன இருக்கும்? பிள்ளைப் பெறப் போற நேரத்துல இவளை எங்கன கூட்டிட்டுப் போவ?" காதோடு காதாகச் சொன்னார். பக்கத்தில் கூடையோடு நின்ற எங்கள் வீட்டுக்காரருக்கும் அது கேட்டது.

அவன் ஏறினான். கொடியைக் கட்டினான். தொங்கினான். ஜமீன்தார் முதல்முறையாக நிமிர்ந்து நின்று பார்த்தார். "சபாஷ்" என்று கைதட்டினார். மேலே வண்டிக்காரனுக்குக் கால் வழுக்கியதா, ஈரத்தில் முடிச்சு இளகியதா தெரியாது. கொடி சரசரவென்று இறங்கியது.

அவன் கத்தவில்லையாம். பொன்னாயியும் கத்தவில்லையாம். அருவிச் சத்தம் மட்டும்தான்.

ஜமீன்தாரின் முகம் வெளுத்துவிட்டது. கூட வந்த பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணாச்சி சட்டென்று குடையை விரித்து, கீழே கிடந்ததை மறைத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கிழக்கே நீட்டினார்.

"ராஜா, இப்படி இங்கன வந்து நின்னு பாருங்க. மேகம் விலகிட்டுது. அந்தா பச்சைக்கு நடுவுல தெரியுது பாருங்க, அதுதான் தென்காசிக் கோபுரம்."

அவர்கள் எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "பாத்தாகட்டி. எல்லாரும் போய் நின்னு பாத்தாக."

தேன் எடுக்கப் போனவன் தவறி விழுந்து செத்தான் என்று எழுதி முடித்தார்கள். பொன்னாயிக்கு அந்த மாதமே பெண் குழந்தை பிறந்தது.

மறு வருஷம் சாரல் தொடங்கியபோது அண்ணாச்சியிடம் புதிய கதை ஒன்று இருந்தது.

ஒரு மலைக்காரன். அவனுக்கு உயிருக்குயிரான மனைவி. அவளுக்கு மசக்கை. மசக்கையில் தேன் கேட்கிறாள். "இப்ப தேன் காலம் இல்லையே" என்கிறான் அவன். "தேன் தராதவன் எனக்குப் புருஷனா?" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கொட்டுகிற மழையில் அவன் தனியாகப் போய்ப் பாறையில் இறங்குகிறான். கையில் தேனடையோடு விழுகிறான். உயிர் போகும்போதும் அடையை விடவில்லை. இந்த இடத்தில் அண்ணாச்சியின் குரல் கம்மும். கண்ணில் நிஜமாகவே நீர் வரும். தான் சொல்வதை அவர் அப்போது நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

கதை மட்டும் போதாதே. செண்பகா அருவிக்குப் போகிற பாதையோரம் ஒரு குடிசை போட்டுக் கொடுத்து, பொன்னாயியைக் குழந்தையோடு அங்கே உட்காரவைத்தார். சீசன் முழுக்க அரிசியும் உப்பும் கொடுத்தார். புருஷன் போனபின் அவளுக்கு வேறு போக்கில்லை. பாதையின் திருப்பத்திலேயே கதையைச் சொல்லி முடித்துவிட்டு, குடிசை தெரிகிற இடத்துக்கு வந்ததும், "அந்தா இருக்கா பாருங்க, தேன் கேட்டவ" என்பார். பெண்கள் கிட்டே போய்க் குழந்தையைக் கொஞ்சுவார்கள். அவளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஒருநாள் உப்பு வாங்க இறங்கியவள் எங்கள் கடையில் வந்து நின்றாள்.

"தாயீ, ஒண்ணு கேக்கணும். நேத்து ஒரு அம்மா வந்தாக. பிள்ளைக்குச் சீலை குடுத்தாக. குடுத்துட்டு, நாக்கை அடக்கியிருக்கக் கூடாதாடி பாவின்னு சொல்லுதாக. நான் யாரையும் ஒண்ணும் பேசலையே. ஏன் அப்படிச் சொல்லுதாக?"

நான் சொன்னேன். சொல்லாமல் எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? அவளுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும், ஏதோ அசிங்கத்தை மிதித்துவிட்டவள் மாதிரி பின்னால் நகர்ந்தாள்.

"நானா தேன் கேட்டேன்? வயித்துல பிள்ளை வந்த நாள்ல இருந்து தேன் வாடையே எனக்கு ஆகாது தாயீ. கொமட்டும். அவரு அடையை வீட்டுக்குள்ளயே கொண்டுவரமாட்டாரு. வெளிய மரத்துல கட்டிப்போட்டுட்டுத்தான் வருவாரு."

அந்தச் சீசன் முடிகிற சமயத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மனைவி வந்தாள். சாரல் வலுத்து மேலே போக முடியாமல், அண்ணாச்சி பொன்னாயியைக் கீழே வரவழைத்து எங்கள் கடையின் தாழ்வாரத்திலேயே நிறுத்தினார். துரைசாணிக்கு ஒரு நாற்காலி போட்டார். பக்கத்தில் பங்களா ஆட்கள். நான் பழம் அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி இங்கிலீஷில் கதையைச் சொல்லி முடித்தார். துரைசாணி கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள். இவளுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா, இவள் வாயாலேயே கேட்க வேண்டும் என்றாள்.

"அம்மா கேக்காக. ரெண்டு வார்த்தை சொல்லு" என்றார் அண்ணாச்சி.

பொன்னாயி அவரைப் பார்க்கவில்லை. துரைசாணியைப் பார்த்தாள். இத்தனை பேரில் இவளுக்கு மட்டும்தான் அண்ணாச்சி பயப்படுவார் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"நான் தேன் கேக்கல தாயீ. எம் பிள்ளை மேல சத்தியம், நான் கேக்கல. வேண்டாம் வேண்டாம்னு இந்த ஆளு கால்ல விழுந்தேன். உப்பு தரமாட்டேன், குடிசையைப் பிடுங்கிருவேன்னு சொல்லி இவருதான் எறக்கிவிட்டாரு. என் புருசனைக் கொன்னது இவரு. நீங்க பெரிய எடம். நீங்க கேளுங்க."

அண்ணாச்சியின் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, மெல்லிய குரலில், இங்கிலீஷில் சொன்னார்.

"என்னால்தான் அவர் செத்தார், நான் கேட்டிருக்கவே கூடாது என்கிறாள். தன்னை மன்னிக்கும்படி உங்களிடம் கேட்கிறாள்."

துரைசாணி அழுதுவிட்டாள். எழுந்து வந்து பொன்னாயியின் கையைப் பிடித்து, மன்னித்துவிட்டேன் என்கிற மாதிரி தட்டிக்கொடுத்தாள். தன் பேச்சு எடுபட்டுவிட்டது என்று நினைத்துப் பொன்னாயியும் அழுதாள். அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. பழத்தை அப்படியே போட்டுவிட்டு முன்னால் வந்தேன். மேசையில் சோற்றுக்காகப் பழகிய இங்கிலீஷ்தான். ஆனால் பிழையில்லாமல் வந்தது.

"அம்மா, அவள் அப்படிச் சொல்லவில்லை. இவர் மாற்றிச் சொல்கிறார். இவர் கட்டாயப்படுத்தித்தான் அவள் புருஷன் இறங்கினான். அவள் எதையும் கேட்கவில்லை."

துரைசாணி திரும்பினாள். கண்ணில் நீர் இன்னும் இருந்தது. ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. நான் சொன்ன சொற்களில் ஒன்றுகூட அவளுக்குள் போகவில்லை.

"அட! இவள் இங்கிலீஷ் பேசுகிறாளே! எவ்வளவு அழகாகப் பேசுகிறாள்!"

அண்ணாச்சி ஒரு நொடி என்னைப் பார்த்தார். அதுவரைக்கும் கண்ணில் படாத ஓர் அருவியைக் காட்டுக்குள் கண்டவர் மாதிரி பார்த்தார். உடனே துரைசாணிக்குக் குனிந்து கும்பிட்டார்.

"மிஷன் பள்ளிக்கூடத்துப் பெண், அம்மா. இவளைக் கடைசியில் காட்டலாம் என்று வைத்திருந்தேன்."

நான் மறுபடியும் சொன்னேன். கத்திக்கூடச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கைதட்டினாள். ஒரு ஜெபம் சொல்லிக் காட்டு என்றாள். பிறகு மங்குஸ்தான் கூடையை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வண்டியேறினாள். பொன்னாயி என்னைப் பார்த்து, "அவுக என்ன சொன்னாக தாயீ? கேக்கேன்னாகளா?" என்றாள்.

அண்ணாச்சிக்கு என்மேல் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் வந்து, "ஏட்டி, இவ்வளவையும் உள்ள வச்சுக்கிட்டு இத்தன நாளாச் சொல்லாம இருந்துட்டியே" என்று செல்லமாகக் கடிந்துகொண்டார். அன்றைக்கே ஒரு கூட்டத்தைக் கூட்டிவந்தார். "அந்தா நிக்கா பாருங்க. பழக்காரி. இங்கிலீஷ் பேசுவா." அதற்கு மறுநாளும் வந்தார்கள். எங்கள் கடையில் வியாபாரம் அப்படி நடந்ததே இல்லை. நான் தமிழில் பேசினாலும் நின்றார்கள், பேசாமல் நின்றாலும் பார்த்தார்கள், திட்டினாலும் சிரித்தார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு ஒரு கூட்டத்தின் முன்னால், பேசத் தெரியாத அந்த மனிதர், கடையை விட்டு இறங்கி வந்து சொன்னார்: "அண்ணாச்சி, எங்க வீட்டுல உள்ளவளை இனிமே காட்டாதீக."

"என்னவே, ஒம்ம நல்லதுக்குத்தானே செய்யுதேன்?"

"நல்லது வேண்டாம் அண்ணாச்சி."

அண்ணாச்சி சரி என்று சிரித்தபடியே போனார். அதற்குப் பிறகு எங்கள் கடைப் பக்கம் அவர் திரும்பவில்லை. மற்றவர்களும் திரும்பவில்லை. தோட்டத்துக்காரர்கள் எங்களுக்குப் பழம் போடுவதை நிறுத்தினார்கள். மறு சீசன் வருவதற்குள் கடையை விட்டுவிட்டுத் தென்காசிக்கு வந்து, சந்தைப் பக்கம் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்தோம்.

அண்ணாச்சி யுத்த காலத்தில் செத்தார். நோய் நொடி இல்லை. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. குற்றாலத்தில் கடைகளை அடைத்தார்கள். எங்கெங்கிருந்தோ பெரிய மனிதர்களிடமிருந்து தந்தி வந்ததாம். எண்ணெய் தேய்க்கிறவர்கள் எல்லாரும் பாடைக்குத் தோள் கொடுத்தார்களாம், அந்தத் திக்குவாய்க்காரரும்.

அதற்கு அப்புறம் ஒரு கோடையில் ஒரு மலைக்காரப் பெண் மண்பானையில் தேன் கொண்டு எங்கள் கடைக்கு வந்தாள். தாவணி போடுகிற வயது. முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீ பொன்னாயி மகளா?"

"ஆமா." முகம் சுண்டிவிட்டது.

"அம்மை எப்படி இருக்கா?"

"இருக்கா. நான் அவகூட இல்ல. சித்தப்பன் வீட்டுல இருக்கேன்."

"ஏன்?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "எங்கய்யாவைத் தின்னவ அவ. தேன் கேட்டுக் கொன்னுட்டா. எல்லாருக்கும் தெரியும். நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது எங்களை உக்காரவச்சுச் சொல்லுவாகளே, வாரவுக எல்லாரும் கேப்பாகளே."

நான் அவளை உட்காரவைத்தேன். எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "நீங்க கண்ணால பாத்தவுக. நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னார். மச்சினன் இல்லாததையும், உப்பையும், காலில் விழுந்ததையும். அம்மாவுக்குத் தேன் வாடையே ஆகாது என்பதை நான் சொன்னேன். அவள் அழவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, பானையை மறந்துவிட்டு, மேற்கே பார்த்து விடுவிடென்று நடந்தாள். "அம்மைகிட்டத்தான் போறா" என்றார் எங்கள் வீட்டுக்காரர். இத்தனை வருஷத்தில் அன்றுதான் அவர் முகம் தெளிந்திருந்தது. நான் தேனை வேறு பாத்திரத்தில் மாற்றிவிட்டுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன்.

நாலைந்து நாள் கழித்து அந்தப் பெண் வந்தாள். படி ஏறவில்லை. தெருவிலேயே நின்றாள்.

"அம்மைகிட்டக் கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"நான்தான் கேட்டேன்னு சொல்லுதா."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று இருந்தது. "இல்லம்மா. அவளே என்கிட்டச் சொன்னா. குத்தாலத்துல அருவிக்குப் போற பாதையில, அப்ப இருந்த எங்க கடையில நின்னு, அவ வாயாலயே..."

"நீங்க சொன்னதையெல்லாம் சொன்னேன். கண்ணால பாத்தவுகளே அப்படிச் சொல்லுதாகளேன்னு கேட்டேன். அதுக்கும் அழுதா. இல்ல, நான்தான் கேட்டேன், வாய் ஊறிச்சு, கேட்டேன், வேண்டாம்னாரு, கேக்காமப் பிடிவாதம் பிடிச்சேன், மழையில போனாரு. என்னைய மன்னிச்சிருன்னு என் கால்ல விழுதா. பெத்தவ என் கால்ல விழுதா."

எங்கள் வீட்டுக்காரர் உள்ளிருந்து எழுந்து வந்தார்.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்த அண்ணாச்சி இருந்தவரைக்கும் எங்களுக்கு அரிசி குடுத்தாக. எனக்குத் தீவாளிக்குப் பாவாடை எடுத்துக் குடுத்தாக. செத்துப்போனவுக வந்து கேக்கமாட்டாகன்னுதானே இப்படிப் பொய் சொல்லுதீக?"

பிறகு, "எம் பானையக் குடுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் குற்றாலம் போகிற ரோட்டில் நடந்தாள்.